நட்சத்திரம் போட்ட 41 பேர்



ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. முட்டி வலி, அப்புறம் பேத்திக்குப் பரீட்சை என்று நாள் ஓடிவிட்டது. இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நடுவில் கணக்கு வரும். பீரியடில் தூங்கினவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போகலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசிக்கு வந்துவிடுங்கள். உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

போன கார்த்திகை மாதம். மழை விட்ட ஒரு சாயங்காலம். வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கூடவே காலேஜ் படிக்கிற மகள்.

"டீச்சர், என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்னம்மா, வா உள்ளே" என்றேன். உண்மையில் தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவளுக்கு எல்லா முகமும் எங்கே நினைவிருக்கும் என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னது அன்று ராத்திரி முழுக்க உறுத்தியது.

தொழுப்பேடு பக்கம் ஊர். ஒன்பதாம் வகுப்பு பாதி வரை நம்ம பள்ளியில் படித்திருக்கிறாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, செங்கல் சூளைக்கு அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டாள். பிறகு கல்யாணம், குழந்தைகள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். மகள்தான் ஆரம்பித்தாள்: "அம்மா பத்தாவது எழுதட்டும் டீச்சர். தனித்தேர்வரா எழுதலாமாம். நான் சொல்லித் தரேன்."

எழுதலாம். ஆனால் எந்த வகுப்பு வரை படித்தாள் என்பதற்குக் காகிதம் வேண்டும். அவள் டி.சி. வாங்கவே இல்லை. நின்ற பிள்ளை நின்றதுதான், யாரும் போய்க் கேட்கவில்லை. பள்ளி ஆபீஸில் இரண்டு தடவை போய் நின்றிருக்கிறாள். அங்கே இருப்பவரையும் குறை சொல்வதற்கில்லை. "அட்மிஷன் நம்பர் தெரிஞ்சா பத்து நிமிஷ வேலைம்மா. சேர்ந்த வருஷமும் சரியா தெரியல, நம்பரும் தெரியலன்னா எத்தனை பேரேட்டைப் புரட்டறது?" என்று கேட்டிருக்கிறார். நியாயம்தானே.

"அப்ப நீங்கதான் டீச்சர் எல்லார் பேரையும் கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்க" என்றாள்.

எனக்கே மறந்துபோன விஷயம். அவள் நினைவு வைத்திருந்தாள்.

1993 கோடை விடுமுறையில் அச்சரப்பாக்கத்திலிருந்து தினம் பஸ் ஏறி செங்கல்பட்டு போய் கம்ப்யூட்டர் படித்தேன். வீட்டில் மாமியார் "இந்த வயசுல இது எதுக்கு" என்றது இப்போதும் காதில் இருக்கிறது. டி-பேஸ் 3 பிளஸ் என்று ஒரு நிரல். கறுப்புத் திரையில் ஒரு புள்ளி மட்டும் வந்து நிற்கும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நாம் கட்டளை கொடுக்க வேண்டும். கரும்பலகையில் சாக்பீஸ் வைத்த இடம் மாதிரி இருக்கும் எனக்கு. உடனே பிடித்துப்போயிற்று.

அதை எழுதியவர் வேய்ன் ராட்லிஃப் என்ற அமெரிக்கர். விண்கலங்கள் அனுப்புகிற ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்தவர். ஆபீஸில் நடக்கும் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்கக் கணக்குப் போடத்தான் 1978-ல் அதை எழுத ஆரம்பித்தாராம். ஆஷ்டன்-டேட் என்ற கம்பெனி அதற்கு டி-பேஸ் 2 என்று பெயர் வைத்து விற்றது. டி-பேஸ் 1 என்று ஒன்று வந்ததே இல்லை. 2 என்றால் தேறிய சரக்கு என்று ஜனங்கள் நினைப்பார்கள் அல்லவா. வியாபாரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது மாணவர் விவரத்தை அதில் ஏற்ற ஆரம்பித்தோம். ஏற்றினது நான் மட்டும் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் சிலர் சாயங்காலம் உட்கார்ந்து தட்டினீர்கள். தமிழில் ஏற்ற அன்று நம்மிடம் வசதி இல்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழ்ப் பெயர்களை அடித்தோம், ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில். கணினித் தமிழுக்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்று சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்ததே 1999 பிப்ரவரியில்தான். நம்ம ஃபைல் அதற்கு முந்தியது.

அந்த ஃபைல் முதலில் ஃபிளாப்பியில் இருந்தது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஃபிளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்கும். பல வருஷம் கழித்து ஒருவரிடம் கொடுத்து சிடியில் ஏற்றி வாங்கினேன். "ஒரு எடத்துல மட்டும் படிக்கல டீச்சர், மீதி வந்துடுச்சி" என்றார். சரி என்று வாங்கி, கொலு பொம்மைப் பெட்டியில் போட்டுவிட்டேன். போட்டது போட்டதுதான்.

இந்தப் பொங்கலுக்கு வந்த நம்ம பழைய மாணவன் ஒருவனிடம் (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், சிறுசேரியில் வேலை) சிடியைக் கொடுத்தேன். லேப்டாப்பில் சிடி போடவே இடமில்லை. மதுராந்தகம் போய் ஒரு கடையில் பென்டிரைவில் மாற்றிக்கொண்டு வந்தான். முதலில் அதை அப்படியே இன்னொரு நகல் எடுத்து, "ஒரிஜினலைத் தொடவே கூடாது டீச்சர், எதைச் செஞ்சாலும் நகல்லதான்" என்றான். நல்ல பழக்கம். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

எக்செல்லில் திறந்தான். தெரியாத வடிவம் என்றது. லிப்ரே ஆபீஸ் திறக்க மறுத்தது. மாற்றித் தருகிற நிரல்கள் மூன்றை இறக்கிப் போட்டுப் பார்த்தான். ஒன்று இது டி.பி.எஃப். ஃபைலே இல்லை என்றது. ஒன்று பதிவுகள் பூஜ்யம் என்றது. இன்னொன்று ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. "ஆன்லைன்ல ஏத்தினா மாத்தித் தர்ற சைட் இருக்கு டீச்சர்" என்றான். வேண்டாம் என்றேன். ஆயிரம் பிள்ளைகளின் பெயரும் அப்பா பெயரும் பிறந்த தேதியும் இருக்கிற ஃபைல். முகம் தெரியாத ஒருவன் கையில் கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நீங்களும் கொடுக்காதீர்கள்.

"அப்ப கையாலதான் பாக்கணும்" என்று ஹெக்ஸ் எடிட்டர் என்ற ஒன்றைத் திறந்தான். ஃபைலுக்குள் இருப்பதை எந்த அலங்காரமும் இல்லாமல், ஒவ்வொரு பைட்டாக எண்ணில் காட்டுகிற கருவி. பைட் என்பதை ஒரு எழுத்து நிற்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் எண், வலது பக்கம் எழுத்து.

கீழே போகப் போகப் பெயர்கள் தெரிந்தன. ஊர்கள் தெரிந்தன. ஒரத்தி, எலப்பாக்கம், மேல்மருவத்தூர். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள்! ஆனால் ஃபைலின் முதல் 512 இடம் மட்டும் வெறும் பூஜ்யம். ஃபிளாப்பியில் ஒரு துண்டு என்பது 512 பைட். பூஞ்சை பிடித்த அந்த ஒரே துண்டு, பார்த்துப் பார்த்து முதல் துண்டாக அமைந்திருக்கிறது.

நம்ம ஊர்ப் பெயர்க் கதை உங்களுக்குத் தெரியும். திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமான் பிள்ளையாரை வணங்காமல் புறப்பட, தேரின் அச்சு முறிந்த இடம் இது. அதனால் அச்சு இறு பாக்கம். ஆட்சீஸ்வரர் கோயிலில் அச்சுமுறி விநாயகரைச் சுற்றாமல் நாம் யாரும் பரீட்சைக்குப் போனதில்லை. இந்த ஃபைலிலும் அதே கதைதான். பிள்ளையார் சுழி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுழி. தேர் முழுசாக இருக்கிறது, நகர மாட்டேன் என்கிறது.

அவன் விளக்கினான். டி.பி.எஃப். ஃபைலில் முதலில் ஒரு தலைப்பகுதி. அதில் முதல் பைட், இது என்ன வகை ஃபைல் என்று சொல்லும். அடுத்த மூன்று, கடைசியாகத் திருத்திய தேதி. அடுத்த நான்கு, மொத்தம் எத்தனை பதிவு. அடுத்த இரண்டு, தலைப்பகுதியின் நீளம். அடுத்த இரண்டு, ஒரு பதிவின் நீளம். இப்படி 32 பைட். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் (பெயர் ஒரு கட்டம், ஊர் ஒரு கட்டம்) 32 பைட். முடிவில் ஒரே ஒரு பைட் தலை முடிந்தது என்று சொல்லும். அதன் பிறகு பிள்ளைகள் வரிசையாக. மாற்றும் கருவிகள் எல்லாம் தலையைப் பார்த்துத்தான் உடம்பைப் படிக்கும். தலை இல்லாததால் உடம்பையே பார்க்கவில்லை.

"அப்ப தலையை நாமே எழுதிட்டா?" என்றேன்.

"எழுதலாம் டீச்சர். ஆனா ஒரு பதிவு எத்தனை பைட், எத்தனை கட்டம், தலை எவ்வளவு நீளம், எல்லாம் சரியா தெரியணும். ஒண்ணு பிசகினாலும் எல்லாப் பேரும் கோணையாயிடும்."

"அது கணக்குடா. நோட்டை எடு."

இதுதான் தூங்குகிறவர்கள் தாண்ட வேண்டிய இடம்.

ஒரு பிள்ளையின் பிறந்த தேதி ஆரம்பிக்கும் இடத்திலிருந்து அடுத்த பிள்ளையின் பிறந்த தேதி ஆரம்பிக்கும் இடம் வரை எண்ணினோம். 147. அடுத்ததும் 147. திரையில் ஒரு வரிக்கு 147 என்று அவன் மாற்றினான். அவ்வளவுதான், பெயருக்குக் கீழ் பெயர், ஊருக்குக் கீழ் ஊர், பிரேயரில் நிற்கிற மாதிரி நேராக நின்றார்கள்.

இனி கட்டங்கள். எண்ணிப் பார்த்தோம். அட்மிஷன் நம்பர் 5, பெயர் 25, அப்பா பெயர் 25, பிறந்த தேதி 8, ஆணா பெண்ணா 1, ஊர் 20, வகுப்பு 2, பிரிவு 1, சேர்ந்த தேதி 8, நீங்கிய தேதி 8, மதிப்பெண் 3, குறிப்பு 40. மொத்தம் 12 கட்டம். கூட்டினால் 146. ஒன்று இடிக்கிறது.

"அது சரிதான் டீச்சர். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னாடி ஒரு பைட் இருக்கும். காலியா இருந்தா பதிவு இருக்குன்னு அர்த்தம். நட்சத்திரக் குறி இருந்தா நீக்கினதுன்னு அர்த்தம்" என்றான். திரையில் தெரிந்த வரிகளில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. நானும் கவனிக்காமல் மேலே போய்விட்டேன். 146-ம் 1-ம் 147.

இப்போது தலை. ஃபைலின் மொத்த நீளம் 189460 பைட். கடைசி பைட் முடிவுக் குறி. அது போக 189459. இதை 147-ஆல் வகுத்தால் மீதி 123. ஆகவே தலையின் நீளம் 123 ஆக இருக்கலாம், அல்லது 147 கூட்டிக் கூட்டி 270, 417, 564 என்று போகலாம். இன்னொரு பக்கம், தலையின் நீளம் என்பது கட்டங்களின் எண்ணிக்கையை 32-ஆல் பெருக்கி 33 கூட்டியது. 123-லிருந்து 33 போனால் 90, அது 32-இல் வகுபடாது. 270-லிருந்து போனால் 237, வகுபடாது. 417-லிருந்து போனால் 384. அதாவது 32 × 12.

பன்னிரண்டு கட்டம் என்று கண்ணால் எண்ணினோம். கணக்கும் பன்னிரண்டு என்கிறது. அந்த நிமிஷம் எனக்கு முட்டி வலி மறந்துபோயிற்று.

189459-லிருந்து 417 போனால் 189042. அதை 147-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 1286. ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு பிள்ளைகள்.

பதினாறின் அடுக்கில் எழுத வேண்டும், அதுவும் சின்ன இலக்கம் முன்னால் வர வேண்டும். 1286 என்பது 5 × 256 கூட்டல் 6. ஆகவே 06 05. 147 என்பது 9 × 16 கூட்டல் 3, ஆகவே 93. நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். எல்லாம் முடிந்த பிறகு ஃபைலின் முதல் பைட்டில் 03 என்று போட்டான். அதுதான் டி-பேஸின் பிள்ளையார் சுழி.

ஒரு விஷயம் மிச்சம். தலை 417 பைட்தான், ஆனால் அழிந்தது 512. மீதி 95 பைட் முதல் பிள்ளையின் பதிவுக்குள் போகிறது. அதை மீட்க வழியே இல்லை. வெற்றிடமாக நிரப்பினான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

லிப்ரே ஆபீஸில் திறந்தான். திறந்தது. அட்டவணையாக, கட்டம் கட்டமாக. நான் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

அவளைத் தேடினோம். நம்ம பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். பெயரில் ஒரு 'ழ' வேறு. ஒருவர் அதை 'இசட் எச்' என்று அடித்திருக்கிறார், ஒருவர் வெறும் 'எல்', ஒருவர் வெறும் 'இசட்'. ஆகவே பெயரை விட்டுவிட்டு ஊரையும் பிறந்த வருஷத்தையும் வைத்து வடிகட்டினோம். தொழுப்பேடு, 1982. ஒன்பது பேர் வந்தார்கள். அவள் இல்லை. பக்கத்து ஊர்களைப் போட்டோம். 1981, 1983 போட்டோம். இல்லை.

"அவங்க வேற ஸ்கூலோ என்னவோ டீச்சர்" என்றான். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன். என்னைத் தெரியுதா என்று கேட்டவளிடம் போய் நீ எங்களிடம் படிக்கவே இல்லை என்று சொல்வதா?

அப்போதுதான் கீழே வரிசை எண்ணைப் பார்த்தேன். 1245.

"1286 எங்கடா?"

"என்ன டீச்சர்?"

"தலையில 1286 எழுதினோம். இங்க 1245தான் இருக்கு. 41 பேர் எங்க?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஹெக்ஸ் எடிட்டருக்குப் போய் வரிகளை ஓட்டினான். காலி, காலி, காலி. திடீரென்று ஒரு நட்சத்திரம். இன்னும் கீழே இன்னொன்று. "நீக்கினது டீச்சர். நீக்கின பதிவை இது காட்டாது."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. 1997 ஜூனில், பள்ளியில் இப்போது இருக்கிற பிள்ளைகளின் பட்டியல் மட்டும் வேண்டும், இடையில் நின்றவர்கள் வரக் கூடாது என்று கேட்டார்கள். நான் உட்கார்ந்து, நின்றுபோனவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் டெலீட் என்று அடித்தேன். நானேதான். வேறு யாரும் இல்லை.

டி-பேஸில் டெலீட் என்றால் அழிப்பது இல்லை. பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவது, அவ்வளவுதான். பிள்ளை அதே இடத்தில் இருக்கும், பட்டியலில் தெரியாமல் வைக்கலாம். பேக் என்று இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் நட்சத்திரம் போட்டவர்கள் எல்லாம் நிஜமாகவே போவார்கள், இருக்கிறவர்கள் நெருங்கி உட்கார்ந்துவிடுவார்கள். நான் பேக் கொடுக்கவில்லை. கருணையால் என்று எழுத ஆசைதான். நிஜம் என்னவென்றால் பயம். செங்கல்பட்டு வகுப்பில் "பேக் குடுத்தா திரும்பி வராது" என்று ஒரு தடவை சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து அந்தக் கட்டளை மேல் எனக்கு நடுக்கம். அந்த நடுக்கம்தான் 41 பேரைக் காப்பாற்றி வைத்திருந்தது.

லிப்ரே ஆபீஸ் பேஸ் என்ற பகுதியில், நீக்கிய பதிவுகளையும் காட்டச் சொல்ல ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் டிக் போட்டான். மறுபடி திறந்தான். தொழுப்பேடு, 1982. பத்து பேர்.

பத்தாவதாக அவள். அட்மிஷன் நம்பரோடு, சேர்ந்த தேதியோடு. குறிப்பில் நான் அடித்திருந்தது: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சூளை வேலை.

ஒன்று யோசித்துப் பாருங்கள். தலை உடையாமல் ஃபைல் நன்றாகவே இருந்து, முதல் கருவியே அழகாக மாற்றிக் கொடுத்திருந்தால் 1245 பேரைத்தான் கொடுத்திருக்கும். எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கு என் கையில் இருந்திருக்காது. பெயர் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். கருவி படிக்கவில்லை என்பதால்தான் நாங்கள் எண்ணினோம். எண்ணினதால்தான் குறைந்தது தெரிந்தது.

அவளுக்கு போன் செய்தேன். நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். நட்சத்திர விஷயத்தை மறைக்க மனசு வரவில்லை, அதையும் சொன்னேன். "நான்தாம்மா உன்னை நீக்கினேன்."

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு, "ஆனா இன்னும் இருக்கேன் இல்ல டீச்சர்?" என்றாள்.

என் ஃபைல் சட்டப்படி எந்தச் சான்றும் கிடையாது. ஒரு பழைய ஆசிரியையின் சொந்தக் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் நம்பர் கிடைத்ததும் ஆபீஸில் அசல் பேரேட்டை எடுத்துவிட்டார்கள். பக்கம் பழுப்பேறி இருந்ததாம், எழுத்து தெளிவாக இருந்ததாம். டி.சி. கைக்கு வந்துவிட்டது. புதன், சனி இரண்டு நாள் சாயங்காலம் இங்கே வருகிறாள். காரணிப்படுத்தல் நடந்துகொண்டிருக்கிறது. மகளை விட வேகமாகப் பிடிக்கிறாள் என்று நான் சொல்ல, மகளுக்குக் கோபம்.

அவன் ஊருக்குப் போன பிறகு, நான் தனியாக உட்கார்ந்து 41 பேரையும் படித்தேன். ஃபைலை நாலு இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன், சாதாரண எழுத்து ஃபைலாகவும் ஒன்று. 26 பெண்கள், 15 பையன்கள். கல்யாணம் என்று பதினொரு இடத்தில் இருக்கிறது. லாரி கிளீனர், கல்குவாரி, மாடு மேய்க்க, சூளை. ஒரு பையனுக்கு "சட்டை இல்லை என்று வரவில்லை" என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். 1245 பேரின் கல்யாணத்துக்கும் வீடு கிரகப்பிரவேசத்துக்கும் பத்திரிகை வந்திருக்கிறது. இந்த 41 பேரிடமிருந்து இதுவரை வந்தவள் ஒருத்திதான்.

இப்போது நான் கேட்க வந்த உதவி.

முதல் பதிவு. அந்த 95 பைட்டில் என்னென்ன போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அட்மிஷன் நம்பர், பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, ஊர், வகுப்பு, பிரிவு எல்லாம் போய்விட்டது. சேர்ந்த தேதியில் கடைசி இலக்கம் மட்டும் நிற்கிறது, 5 என்று. நீங்கிய தேதி இருக்கிறது: 18-11-1996. மதிப்பெண் காலி. குறிப்பு முழுசாக இருக்கிறது: "அக்கா கல்யாணம், தம்பியைப் பார்க்க ஆளில்லை."

முதலில் ஏற்றியது என் சொந்த வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. இரண்டாவது பெயர் 'அ'வில் ஆரம்பிக்கிறது. ஆகவே இந்தப் பிள்ளையின் பெயரும் 'அ' அல்லது 'ஆ'. பேரேட்டில் பார்க்கலாமே என்பீர்கள். டி.சி. வாங்காதவர்களுக்கு அங்கே நீங்கிய தேதி எழுதியிருக்காது, எதை வைத்துத் தேடுவது? என் வகுப்பில், முதல் பெயராகத் தினமும் நான் கூப்பிட்ட பிள்ளை. "உள்ளேன் டீச்சர்" என்ற குரல் கூட ஞாபகம் வர மறுக்கிறது.

அன்று ஒன்பது பி-யில் படித்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். 1996 தீபாவளி முடிந்து சில நாளில் வராமல் போன பிள்ளை, அக்காவுக்குக் கல்யாணம், வீட்டில் கைக்குழந்தை வயசில் ஒரு தம்பி. தெரிந்தால் கீழே எழுத வேண்டாம், யார் வீட்டு விஷயமும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், இல்லை வீட்டுக்கே வாருங்கள். டி.சி. வேண்டுமா, ஒன்றும் வேண்டாமா, அது அந்தப் பிள்ளையின் இஷ்டம். நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை.

கிளம்புவதற்கு முன் அவன் ஒன்று கேட்டான். "டீச்சர், முதல் பதிவுல அந்த முன்னாடி பைட்டும் போயிடுச்சி. நீங்கின தேதி இருக்கறதால நட்சத்திரம்தான் இருந்திருக்கும். போட்டுடட்டா?"

வேண்டாம், காலியாகவே இருக்கட்டும் என்றேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
அச்சரப்பாக்கம்.